மண்டல விடுதிக்கு வந்த மறதி

தில்லைநாயகியின் தலைக்குள் இதயம் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, நாற்பது நிமிடத்தில். சாய்வு நாற்காலியில் படுத்தாள், ஏற்றுகிற கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டாள், குட்டித் தூக்கம் ஒன்று போட்டு எழுந்தாள். எழுந்தபோது இதயத்தின் நாலு அறைகளும், அவற்றின் கதவுகளும், கதவு பழுதானால் கேட்கும் சத்தமும், அதற்குக் கொடுக்கிற மாத்திரையும், அந்த மாத்திரையால் வருகிற வறட்டு இருமலும் ஒரே கொத்தாக அவளுக்குத் தெரிந்திருந்தன. அடேயப்பா! ஒரு காலத்தில் இதற்கு வருஷக்கணக்காகும், அதிலும் பாதி பரீட்சைக்கு மறுநாளே பறந்துபோகும்.

படிக்காமலே பாடத்தை மூளைக்குள் ஏற்றுகிற இதற்குப் பெயர் ஏற்றம். இரண்டாயிரத்து எழுபதுக்குள் நாட்டிலுள்ள எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் வந்துவிட்டது. மூட்டை மூட்டையாகப் புத்தகம் சுமப்பதும், கண் எரிய எரிய மனப்பாடம் செய்வதும் ஒழிந்தன. ஒழியாதது ஒன்றுதான், பேராசிரியர்களின் சண்டை. மருத்துவத்தை எந்த வரிசையில் ஏற்றுவது? பாடம் பாடமாகவா, உடம்பின் மண்டலம் மண்டலமாகவா?

பாடவாரி ஆட்கள் சொன்னார்கள்: முதலில் உடற்கூறியல், தலை முதல் கால் வரை. அது முடிந்து உடலியங்கியல். பிறகு நோயியல், மருந்தியல், சட்ட மருத்துவம், சமூக மருத்துவம். ஒவ்வொன்றும் தனித்தனி அலமாரி. மண்டலவாரி ஆட்கள் சிரித்தார்கள். நோயாளி என்ன, பாடம் பாடமாகவா வருகிறான்? இதயம் என்றால் அதன் அமைப்பு, வேலை, நோய், மருந்து அத்தனையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஏற்று. அடுத்த மூட்டை நுரையீரல். அதற்கடுத்தது வயிறு. ஆளுக்கு ஆள் ஒரு நியாயம், ஆளுக்கு ஆள் ஒரு புள்ளிவிவரம். நூறு வருஷமாக நடக்கும் இந்த வழக்கை நாங்கள் முடித்துவைக்கிறோம் என்று கொள்ளிடக்கரை மருத்துவக் கல்லூரி கிளம்பியது.

நாற்பத்தெட்டு மாணவர்கள். சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் மண்டல விடுதி, அந்தப் பக்கம் பாட விடுதி. தனி வகுப்பு, தனி ஆசிரியர்கள், தனிச் சமையல். இரண்டு விடுதிக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று கறாரான விதி. பேசினால் இவர்கள் அறிவு அவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமாம், ஆராய்ச்சி கெட்டுப்போகுமாம். பேசாதே என்று சொன்னால் இருபது வயதில் யார் கேட்பார்கள்? தில்லை முதல் மாதமே மீறிவிட்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளநீர் வண்டி நிற்கும். அங்கேதான் பாட விடுதியின் சவரிராயனைச் சந்தித்தாள். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், நெட்டை, பேச ஆரம்பித்தால் தலைப்பு போட்டுத்தான் பேசுவான். அன்று அவன் இருமிக்கொண்டிருந்தான்.

"உனக்கு நுரையீரல்ல சளி கட்டியிருக்கு," என்றாள் தில்லை, கேட்காமலே.

"அதெப்படி சொல்லுத? முதல்ல தொண்டையோட அமைப்பு, ரெண்டாவது இருமலோட இயக்கம், மூணாவது கிருமி. இந்த மூணும் பாக்காம சளின்னு சொன்னா எப்படி?"

"நீ மூணும் பார்த்து முடிக்கிறதுக்குள்ள ஆளு போய்ச் சேர்ந்துடுவான்."

"நீ பாக்காமலே அனுப்பி வெச்சிருவ."

இப்படி ஆரம்பித்த சண்டை அப்புறம் நிற்கவே இல்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆளுக்கொரு இளநீர், ஆளுக்கொரு நோயாளி, ஒரு மணி நேர வாய்ச்சண்டை. அவள் சொல்வது எதையும் அவன் ஒத்துக்கொண்டதில்லை. அவன் சொல்வது எதையும் அவள் முழுசாகக் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் ஒரு நாள் வராவிட்டால் சோறு இறங்காது. இதற்கு என்ன பெயர் என்று இருவருமே வாய்திறக்கவில்லை. இளநீர்க்காரருக்குத் தெரிந்திருந்தது, அவரும் சொல்லவில்லை.

முதல் ஒன்றரை வருஷம் மண்டல விடுதிதான் எல்லாத் தேர்விலும் முந்தியது. அந்த மூட்டை முறையைப் பத்து வருஷம் உட்கார்ந்து உருவாக்கியவர் டீன் டாக்டர் ஹெப்சிபா. அவர் முகத்தில் அந்நாட்களில் சிரிப்பைப் பார்த்ததாக ஒரு வதந்திகூட உண்டு. பிறகு என்ன கண் பட்டதோ, சரிவு தொடங்கியது. நேற்று ஏற்றியது இன்று கலங்கியது. கல்லீரல் கேட்டால் மண்ணீரல் வந்தது. பையன்கள் ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்தார்கள், பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு மட்டம் போட்டார்கள். தில்லைக்கே ஒரு நாள் தன் அறை எண் மறந்துபோய், மாடிப்படியில் நின்று அழுகை வந்தது. ஐந்தாறு மாதத்தில் மண்டல விடுதியின் சராசரி தொண்ணூறிலிருந்து நாற்பத்தொன்றுக்கு வந்தது. பாட விடுதி நின்ற இடத்தில் நின்றது.

ஆராய்ச்சிக் குழு கூடிப் பேசி முடிவெடுத்தது. மண்டலவாரி ஏற்றம் மூளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் பளபளக்கும், பிறகு குழம்பிவிடும். ஆகவே அந்த இருபத்து நாலு பேருக்கும் வரும் திங்கட்கிழமை இறக்கம்.

இறக்கம் என்றால் என்ன என்று டீனே வகுப்புக்கு வந்து சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "ஏத்தினது மேலயே அதையே வேற வரிசையில ஏத்த முடியாது. இருக்கிறதை இறக்கிட்டுத்தான் பாடவாரியா மறுபடி ஏத்தணும். ஆனா பாடத்தை மட்டும் தனியா உருவ முடியாதும்மா. பருப்பும் நெய்யுமா சாதத்துல பிசைஞ்சாச்சு, இனி நெய்யை மட்டும் எப்படி எடுக்கிறது? இந்த ரெண்டு வருஷத்துல நீங்க பார்த்தது, பேசினது, பழகினது எல்லாமே சேர்ந்து போயிடும். இஷ்டமில்லாதவங்க படிப்பை விட்டுட்டுப் போகலாம். கட்டாயமில்லை."

கட்டாயமில்லையாம்! சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்பாவிடம், டாக்டராகப் போன பெண் ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்துவிட்டாள் என்று யார் சொல்வது? தில்லை கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு நேராக இளநீர் வண்டிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

சவரி அன்று சண்டை போடவில்லை. "ரெண்டு வருஷமுமா?" என்று மட்டும் கேட்டான்.

"ரெண்டு வருஷமும். அடுத்த செவ்வாய்க்கிழமை நீ எதிர்ல வந்தா, யாருடா இந்த நெட்டைன்னு பார்த்துட்டுப் போயிடுவேன்," என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அவன் இளநீரைப் பாதியில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் வரவே இல்லை. போகட்டும், நான் மறக்கப்போகிற ஆளிடம் கோபித்து என்ன பிரயோசனம் என்று தில்லை தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

வியாழக்கிழமை காலை மண்டல விடுதிச் சமையலறையில் டமார் என்று ஒரு சத்தம். எல்லோரும் ஓடினார்கள். வைத்தா மாமா குழம்புக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, தன் வலது கையையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். கும்பகோணத்துக்காரர், முழுப் பெயர் வைத்தியநாதன், ஐம்பத்தெட்டு வயது. வாயில் எப்போதும் வெற்றிலை. அவர் ரசத்துக்கு விடுதியே அடிமை. கையை நீட்டினால் மணிக்கட்டு ஒடிந்த கீரைத்தண்டாகத் தொங்கியது.

"பாருங்கோடா டாக்டர்களா, கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறது," என்றார்.

கேட்க வேண்டுமா? மூன்று பேர் மொய்த்துவிட்டார்கள். இரைப்பை மூட்டையில் கெட்டிக்காரனான மலர்ச்செல்வன் வயிற்றை அமுக்கினான். "ரொம்ப நாளா சுருட்டிச் சுருட்டி வலிக்குதா மாமா? வெளியே சரியாப் போகலியா? இது குடல் கோளாறு." ரத்த மூட்டைக்காரி கண் இமையை இழுத்துப் பார்த்தாள். "வெளுத்துப்போயிருக்கு. ரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரை போதும்." தில்லை நரம்பு மூட்டை. முழங்கைக்கு மேலே தட்டிப் பார்த்துவிட்டு, "கையைத் தலைக்கு வெச்சுத் தூங்கியிருக்கீங்க மாமா. நரம்பு அமுங்கிடுச்சு," என்று அட்டை வைத்துக் கட்டினாள்.

"ஒருத்தன் வயத்துங்கறான், ஒருத்தி ரத்தங்கறா, நீ நரம்புங்கறே. நான் ஒரு ஆளா, மூணு ஆளா?" என்று மாமா சிரித்துக்கொண்டே இடது கையால் ரசத்தைக் கிளறப் போனார்.

அன்று சாயங்காலம் சவரி வந்திருந்தான். எங்கே போயிருந்தாய் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் தில்லை பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து நீட்டினாள். பாட விடுதிச் சாப்பாடு முழுக்க எண்ணெய், ரசம் என்றால் சவரி உயிரை விடுவான் என்று தை மாதத்திலிருந்து அவனுக்குத் தினமும் ஒரு ஃபிளாஸ்க் கடத்திக்கொண்டிருந்தாள். நீட்டியபடியே மாமாவின் கதையைச் சொன்னாள்.

சவரி வாய்விட்டுச் சிரித்தான். "ஒரே ஆளுக்கு மூணு வைத்தியரு, மூணு வியாதி! நல்லா இருக்கு பிள்ள உங்க மண்டலம்."

"சரிப்பா, உங்க பாடம் என்ன சொல்லுது? சொல்லேன்."

"பொறு." அவன் கண்ணை மூடினான். அவன் தலை வேலை செய்கிற விதமே வேறு. ஒரு நோயின் பெயரைச் சொன்னால் பக்கம் பக்கமாகக் கொட்டுவான். அறிகுறியைச் சொல்லி நோயைக் கேட்டாலோ ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து மூட வேண்டும். "உடற்கூறியல்... இல்ல. உயிர் வேதியியல்... இல்ல. நோயியல்... பொறு பொறு, இல்ல." தில்லை தன் இளநீரைக் குடித்து, வழுக்கையையும் வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். "மருந்தியல்... இல்ல. சட்ட மருத்துவம், நச்சியல் பிரிவு, உலோகங்கள்..." சட்டென்று கண்ணைத் திறந்தான்.

"காரீயம்," என்றான். பிறகு வாய் தானாக ஒப்பித்தது. "நாட்பட்ட காரீய நஞ்சு. அறிகுறிகள்: வயிற்றுச் சுருக்கு வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, மணிக்கட்டுத் தொய்வு, எரிச்சல், மறதி, பல் ஈறு ஓரத்தில் நீலக் கோடு."

தில்லை தன் தலைக்குள் காரீயத்தைத் தேடினாள். இதய மூட்டையில் இல்லை, வயிற்றில் இல்லை, நரம்பில் இல்லை. விஷத்துக்கு உடம்பில் ஏது தனி மண்டலம்? எந்த மூட்டையில் கட்டுவது என்று தெரியாமல், கட்டியவர்கள் அதை வெளியிலேயே விட்டுவிட்டார்கள். மாமா வாயில் நீலக் கோடு பார்த்தோமா என்று யோசித்தாள். முப்பது வருஷ வெற்றிலையில் அந்த ஈறு செக்கச்செவேல் என்று கிடந்தது. கோடு என்ன, கோட்டையே இருந்தாலும் தெரியாது.

"சவரி, கடைசியில என்ன சொன்னே?"

"நீலக் கோடு."

"அதுக்கு முன்னாடி."

"எரிச்சல், மறதி." சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான்.

நிறுத்தத்தில் யாருடைய ஸ்கூட்டரோ நின்றது. தில்லை அதன் கண்ணாடிக்கு முன் குனிந்து, கீழ் உதட்டை விரலால் இழுத்தாள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில், பேனாவால் இழுத்துவிட்டது போல மெல்லிசாக ஒரு நீலக் கோடு ஓடியது.

"எனக்கு விஷம்!" என்று கத்தினாள். பேருந்துக்கு நின்ற ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. "சவரி, எனக்கு விஷம் ஏறியிருக்கு! நான் மக்கு இல்ல! எங்க மண்டலம் தப்பில்ல! எல்லாருக்கும் விஷம்!" அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். விஷம் ஏறியதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட பெண்ணை அந்த நிறுத்தம் அதற்கு முன் பார்த்திருக்காது. இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

சவரியும் கண்ணாடியில் பார்த்தான். அவனுக்கும் கோடு இருந்தது, இன்னும் மெல்லிசாக. "எனக்கு எப்படிட்டி வந்துச்சு? நான் உங்க விடுதியே இல்லயே," என்றவன், கையிலிருந்த ஃபிளாஸ்கைப் பார்த்தான். இரண்டு பேரும் பார்த்தார்கள். பாட விடுதியிலேயே இந்த ஆறு மாதத்தில் மதிப்பெண் சரிந்த ஒரே ஆள் அவன்தான். ஊர் சுற்றுகிறான் என்று ஆசிரியர்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சமூக மருத்துவம், கொள்ளை நோய்ப் பிரிவு," என்று அடுத்த அலமாரியைத் திறந்தான். இப்போது குரலில் சுறுசுறுப்பு வந்திருந்தது. "முதல் கேள்வி. எப்ப ஆரம்பிச்சுது?"

"தை மாசம்."

"தை மாசத்துல உங்க சமையல்கட்டுல புதுசா என்ன வந்துச்சு?"

தில்லை நெற்றியில் அடித்துக்கொண்டாள். பொங்கலுக்கு மண்டல விடுதியார் எல்லோருமாகச் சேர்ந்து, வைத்தா மாமாவுக்கு ஆசை ஆசையாக நாலு பெரிய ஈயச் சொம்பு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்து ரசத்தின் ருசியே ஈயச் சொம்பில்தான் என்று அவர் ஒருமுறை வாய்தவறிச் சொன்னதன் விளைவு. எங்கோ சந்தையில் போய்ப் பளபளப்பாகத் தேடி எடுத்துவந்தவளே தில்லைதான். நல்ல சொம்பு வெள்ளீயத்தில் இருக்கும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இதில் எவனோ காரீயத்தைக் கலந்திருக்கிறான். புளித் தண்ணீரை ஊற்றித் தினமும் கொதிக்க வைத்தால் கேட்பானேன்?

"ரெண்டாவது கேள்வி," என்றான் சவரி. "உங்க விடுதியில யாரு நல்லா இருக்கா?"

"ரின்பூயி. மிசோரம் பொண்ணு. இப்பவும் தொண்ணூத்தி மூணு வாங்குறா."

"ரசம் குடிப்பாளா?"

"புளி வாசனையே ஆகாது அவளுக்கு!" தில்லைக்கு மறுபடியும் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தாள்.

இனி இருந்தது கஷ்டமான வேலை, மாமாவிடம் சொல்வது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும் முன்பே தில்லை ஓடிப்போய், நாலு சொம்பையும் கவிழ்த்து வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். மாமா அட்டை கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு சொம்பையே பார்த்தார்.

"நானா கொழந்தைகளுக்கு விஷம் வெச்சேன்?"

"நீங்க இல்ல மாமா. சொம்பைத் தேடி எடுத்துவந்தது நான். எங்க எல்லாரையும்விட அதிகமா ருசி பார்த்தது நீங்க. அதான் கை விழுந்துது. கை சரியாயிடும், மருந்து இருக்கு." இதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமா இடது கையால் அவள் தலையைத் தொட்டார்.

"அழாதேடி. ஆசையாத்தானே வாங்கிக் குடுத்தேள், நானும் ஆசையாத்தானே பண்ணிப் போட்டேன். ரெண்டு ஆசையும் சேர்ந்து இப்படி வயத்தைக் கலக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "ஆனா ரசம் நன்னாத்தானே இருந்தது?" என்று கேட்டார்.

"தேவாமிர்தம் மாமா."

"அது போறும் எனக்கு," என்று எழுந்து, எவர்சில்வர் பாத்திரத்தைத் தேடினார்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் டீன் அறைக்கு முன் நின்றார்கள். உள்ளே போனால் இரண்டு வருஷமாக விதியை மீறியதை வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் ரசம் குடித்ததுதான் பெரிய சாட்சி, அதை மறைத்துப் பேச வழியில்லை. மீறியவர்களை நீக்கலாம் என்று விதியிலேயே எழுதியிருந்தது. "நீ வர வேண்டாம். ஃபிளாஸ்க் கதையை நானே சொல்லிக்கிறேன்," என்றாள் தில்லை. "சாட்சி நான், நீ மட்டும் போயி என்ன சொல்லுவ?" என்று சவரி கதவைத் தட்டினான்.

டாக்டர் ஹெப்சிபா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தில்லையை ஜன்னலுக்கு அழைத்துப்போய், உதட்டை இழுத்துப் பார்த்தார். பார்த்தவர் உடனே தொலைபேசியை எடுத்து, நாற்பத்தெட்டு பேரின் ரத்தமும், சமையற்காரர் ரத்தமும், நாலு சொம்பும் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

சனிக்கிழமை மதியம் முடிவு வந்தது. குழுவின் ஆறு பேராசிரியர்களும், தில்லையும், சவரியும் டீன் அறையில் இருந்தார்கள். டீன் எழுந்து நின்று படித்தார். சொம்பில் பாதிக்குப் பாதி காரீயம். மண்டல விடுதியில் இருபத்து மூன்று பேர் ரத்தத்தில் அளவுக்கு மீறிய காரீயம், ரின்பூயி ரத்தத்தில் சுத்தமாக இல்லை. பாட விடுதியில் இருபத்து மூன்று பேருக்கு இல்லை, சவரிராயனுக்கு இருக்கிறது.

"அப்போ நம்ம ரெண்டு வருஷ ஆராய்ச்சி?" என்றார் பாடவாரிக் கட்சியின் நோயியல் பேராசிரியர்.

"ரசத்தை ஆராய்ச்சி பண்ணியிருக்கோம் சார்," என்றார் டீன். அப்போதுதான் தில்லை அந்த வதந்தி உண்மை என்று கண்டாள். அம்மாள் சிரித்தார். பத்து வருஷ உழைப்புக்குத் தன் கையாலேயே முடிவு கட்ட இருந்தவர் அல்லவா, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எது நல்ல முறைன்னு எனக்கு இன்னும் தெரியாது. விஷத்தையே விட்டுட்டு ஏத்தியிருக்கேன், அது என் தப்பு. பெயரைச் சொன்னாத்தான் நோயை எடுக்க முடியும்கிற மாதிரி நீங்க ஏத்தியிருக்கீங்க, அது உங்க தப்பு. உட்கார்ந்து பேசுவோம். இறக்கம் ரத்து. இன்னைக்கே எல்லாருக்கும் வைத்தியம் ஆரம்பிக்கணும்."

ரத்து என்ற சொல் காதில் விழுந்ததும் தில்லை நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷமும் அவளிடமே இருக்கும். இருபத்து மூன்று பேரிடமும் இருக்கும். வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்த மண்டல விடுதிக்கு யார் எப்படிச் சொன்னார்களோ, ஓவென்று ஒரு கூச்சல் கிளம்பி, கூரை பறந்தது.

"நீங்க ரெண்டு பேரும் இருங்க," என்றார் டீன், மற்றவர்கள் எழுந்தபோது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "விதியை மீறினது பத்தி அப்புறம் பேசுறேன். இப்போ இது ஒண்ணு பாக்கி இருக்கு. செவ்வாய்க்கிழமை வந்த விண்ணப்பம். ரத்துன்னா இதுவும் ரத்துதான். ஆனா எனக்கு இதைக் கிழிக்க மனசு வரல."

சவரி சுவரைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன. "மேடம், அது வேண்டாம் மேடம்," என்றான்.

தில்லை தாளை வாங்கினாள். கல்லூரி அச்சடித்த இறக்க விண்ணப்பம். அவளும் இதே போல் ஒன்றில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் இதில் பெயர் சவரிராயன், பாட விடுதி. செவ்வாய்க்கிழமை என்றால் விஷத்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாத நாள். அவன் இளநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதற்கு மறுநாள். பாட விடுதிக்காரனுக்கு இறக்கம் எதற்கு? கீழே, காரணம் என்று அச்சிட்ட இடத்தில், கோணல்மாணல் கையெழுத்தில் தலைப்புப் போட்டு எழுதியிருந்தது.

'உடற்கூறியல்: குறை ஒன்றும் இல்லை.

உடலியங்கியல்: மண்டல விடுதி தில்லைநாயகி வரும்போது என் நாடி நூற்றுப் பத்து. போனபின் இறங்க அரை மணி ஆகிறது.

நோயியல்: ஒன்றே முக்கால் வருடமாக உள்ளது. குறையவில்லை.

மருந்தியல்: மாற்று மருந்து இல்லை. இருந்தாலும் வேண்டாம்.

சமூக மருத்துவம்: அவள் என்னை மறந்தபின் நான் மட்டும் நினைவு வைத்துக்கொண்டு எதிரே நடமாட முடியாது. எனக்கும் இறக்கிவிடுங்கள். இரண்டு பேரும் தெரியாதவர்களாகவே மறுபடி சந்தித்துக்கொள்கிறோம்.

சட்ட மருத்துவம்: முழு நினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி ஒப்பமிடுகிறேன்.'

தில்லை ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். இரண்டாம் தடவை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து, மருந்தியலோடு நிறுத்திவிட்டாள். "லூசு," என்றாள். "லூசு, லூசு. ரெண்டு வருஷத்தைத் தூக்கிப் போடப் பார்த்தியே. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்ல மாட்டியா?"

"சொன்னா நீ சண்டை போடுவ," என்றான் சவரி சுவரிடம்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டையும் சேர்த்தே துடைத்தாள்.

"மேடம், இந்தத் தாளை நான் வெச்சுக்கலாமா?"

"அது கல்லூரி ஆவணம்மா."

"ஒரு நகலாவது?"

டாக்டர் ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "நகல் கல்லூரிக்குப் போதும்," என்றார். "அசல் உனக்கு."